அரைத் தாங்கியிலிருந்து தொடங்கு

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எக்செல் என்றால் புள்ளிப் பட்டியல்தான். தவணைப் பரீட்சை முடிந்ததும் வகுப்பாசிரியர் ஒருவர் வந்து, "சேர், இதைக் கூட்டி, சராசரி எடுத்து, நிலையும் போட்டுத் தாங்கோ" என்பார். போட்டுக் கொடுத்தால் தேத்தண்ணி வரும். கூட்டல், சராசரி, நிலை: இந்த மூன்றோடு அந்த மென்பொருளின் வேலை முடிந்துவிடும். தீவக வலயத்தில் கணிதமும் கணினியும் படிப்பித்த காலம் முழுக்க அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, அதை நான் வேறொரு வேலைக்குப் பழக்கி வந்தேன். சூத்திரம் இல்லாத சமன்பாடுகளைத் தீர்க்கும் வேலை அது.

பாடப்புத்தகத்துச் சமன்பாடுகள் நல்ல பிள்ளைகள். இருபடிச் சமன்பாடு வந்தால் சூத்திரத்தில் போட, விடை 3 என்றோ −2 என்றோ ஒழுங்காக வந்து நிற்கும். முப்படிக்கும் நாற்படிக்கும் சூத்திரம் உண்டு. 1545இல் கார்டானோ வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது. ஆனால் அவற்றைக் கையால் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை போடமாட்டார்கள். ஐந்தாம் படிக்கு அப்படியொரு பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று நோர்வேக்காரரான ஏபெல் 1824இல் நிறுவினார். மிஞ்சுவது ஒரே வழி. ஓர் எண்ணை ஊகித்துப் போடு, எவ்வளவு பிழைக்கிறது பார், திருத்து, திரும்பப் போடு. மடக்கை அட்டவணைக் காலத்தில் இதற்கு ஒரு பகல் போகும். 1979இல் பிரிக்லினும் பிராங்ஸ்ரனும் விசிகல்க் என்ற விரிதாளைக் கொண்டுவந்த பிறகு, ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த அத்தனையும் தானாக மாறும் என்றாகிவிட்டது. வணிகக் கணக்குக்கென்று செய்த கருவிதான். ஆனால் ஊகித்துத் திருத்துகிறவனுக்கு அதைவிடத் தோதான பலகை வேறில்லை.

பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு இது. ஓர் எண்ணை 2க்கு அடுக்காகப் போட்டாலும், அதே எண்ணை வர்க்கித்தாலும் ஒரே பெறுமானம் வரவேண்டும். எண் எது? யாராவது ஒரு பிள்ளை உடனே "ரெண்டு சேர்" என்னும். கெட்டிக்காரப் பிள்ளை கொஞ்சம் பொறுத்து "நாலும் வரும்" என்னும். அத்தோடு வகுப்பு நிறைவடைந்துவிட்டது என்ற முகத்தோடு இருப்பார்கள். அப்போது ஏ நிரலில் −2இலிருந்து 5 வரை அரை அரையாக எண்களை இறக்கச் சொல்வேன். பி நிரலில் 2இன் அடுக்கிலிருந்து வர்க்கத்தைக் கழிக்கும் சூத்திரம். இழுத்து இறக்கினால் −1க்கு நேரே −0.5 நிற்கும், அடுத்த நிரையில் −0.5க்கு நேரே +0.457. மறைக்கும் நேருக்கும் நடுவில் எங்கோ பூச்சியம் கிடக்கிறது. அந்த இடைவெளியை மட்டும் எடுத்துப் படியைச் சிறிதாக்கினால் −0.8க்கும் −0.75க்கும் நடுவில், இன்னும் சிறிதாக்கினால் −0.77க்கும் −0.76க்கும் நடுவில். மூன்றாவது மூலம் −0.7667. அதை ஒருவரும் ஊகித்திருக்கமாட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு கணினியிலாவது மூலமே கிடைக்காது. எல்லாப் பெறுமானமும் நேராகவே நிற்கும். போய்ப் பார்த்தால் பிள்ளை சூத்திரத்தை மாற்றி, கழித்தல் குறியை முன்னால் வைத்துத் தொடங்கியிருக்கும். கொப்பியில் −2இன் வர்க்கத்தை அடைப்பில்லாமல் எழுதினால் −4. எக்செல்லில் அப்படியே எழுதினால் 4. முன்னால் நிற்கும் கழித்தல் குறியை அது எண்ணோடு ஒட்டிவிட்டுப் பிறகுதான் வர்க்கிக்கும். லிப்ரேஒபிஸுக்கும் அதே பழக்கம்தான். நடுவில் நிற்கும் கழித்தலுக்கு இந்தக் குணம் இல்லை. எந்த எச்சரிக்கையும் வராது. பிழையான விடை சரியான விடையின் முகத்தோடேயே இருக்கும். அதேபோல 30 பாகைக்கு சைன் கேட்டால் −0.988 என்று சொல்லும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது ஆரையன் மட்டும்தான். கோணத்தில் பிழைத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், 0.5 மனப்பாடம். கழித்தல் குறியில் பிழைத்தால் கண்டுபிடிப்பது அருமை.

இதெல்லாம் வகுப்பறை. இந்த வித்தை வெளியில் உண்மையாகத் தேவைப்பட்டது 2022இல், நெடுந்தீவில்.

அந்த வருடத்து எரிபொருள் வரிசைகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் கடலில் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. நான் குறிகட்டுவானில் படகேறி, மடிக்கணினியை இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்தேன். சோழகம் இன்னும் விடவில்லை. இறங்குதுறையில் தெரிந்த கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் நின்றார். பக்கத்தில் களஞ்சியத்துக்குப் பொறுப்பான பெடியன், தலையைத் தூக்காமல்.

"மாஸ்ரர், நீங்கள் கணக்குப் படிப்பிக்கிற ஆள். இவன் களவெடுத்தவனோ இல்லையோ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

"அதை நான் சொல்லேலாது அண்ணை. தாங்கியிலை எவ்வளவு கிடந்தது எண்டு வேணுமெண்டால் சொல்லலாம்."

விஷயம் இதுதான். சங்கத்தின் தாங்கி, படுக்கையாகக் கிடக்கும் இரும்பு உருளை. விட்டம் 120 சென்ரிமீற்றர், நீளம் 2 மீற்றர், நிரப்பினால் 2,262 லீற்றர். மேலே மூடியைத் திறந்து தடியை விட்டு நனைந்த உயரத்தைப் பார்ப்பார்கள். தடியில் அடியிலிருந்து நுனிவரை சம இடைவெளியில் கோடு கீறியிருந்தது. 60இல் அரைவாசி, 30இல் கால்வாசி. பெடியன் பொறுப்பெடுத்த அன்று தடி 30 காட்டியிருக்கிறது. கால்வாசி, 565 லீற்றர் என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டான். புது எண்ணெய் வரவில்லை; தாங்கி அடிதட்டும்வரை விற்றான். பற்றுச்சீட்டைக் கூட்டினால் 442. குறைவது 123 லீற்றர். 340 ரூபாய்ப்படி 41,820 ரூபாய். பழைய விலையில் பதினோராயிரம் தேறாது, அதட்டி விட்டிருப்பார்கள். இப்போது பொலிசுக்குப் போவதா என்று கூட்டம் வைத்திருக்கிறார்கள்.

படுத்த உருளையில் உயரமும் கொள்ளளவும் ஒரே வீதத்தில் ஏறாது. அடியில் வட்டம் ஒடுக்கம், நடுவில் அகலம். எண்ணெய் மட்டம் வட்டத்தின் மையத்தில் ஒரு கோணத்தை அமைக்கிறது. அந்தக் கோணத்திலிருந்து அதன் சைனைக் கழித்து, ஆரையின் வர்க்கத்தின் அரைவாசியாலும் நீளத்தாலும் பெருக்கினால் கொள்ளளவு. 30 சென்ரிமீற்றருக்குக் கோணம் சரியாக 120 பாகை. சங்க மண்டபத்து மேசையில் கணினியைத் திறந்து நான்கு கலங்களில் போட்டேன். 0.442 கனமீற்றர். லீற்றரில் 442. தலைவர் பற்றுச்சீட்டுக் கட்டைத் திரும்ப எடுத்துத் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் பிழைக்கேல்லை?"

நியாயமான கேள்வி. பிழைத்துத்தான் இருக்கும். தாங்கி 90இல் நிற்கும்போது தடி சொல்வதைவிட அதே 123 லீற்றர் உள்ளே கூடுதலாக இருக்கும்; 30இல் நிற்கும்போது அவ்வளவு குறையும். நல்ல காலத்தில் அரைவாசிக்குக் கீழே போகமுன் அடுத்த லோட் வந்துவிடும், மேலேயும் கீழேயுமாகப் பிழை சரிக்கட்டிக்கொள்ளும், கொஞ்சம் மிஞ்சினால் யார் கேட்பது. எண்ணெய் இல்லாத வருடத்தில்தான் தாங்கி அடியிலேயே கிடந்தது. அடியில் கிடந்தால் எப்போதும் குறைவுதான் வரும்.

இதுவரை வந்தது நேர்க்கணக்கு. உயரம் தெரியும், கொள்ளளவு கேட்டார்கள். தலைவர் அடுத்துக் கேட்டதுதான் சமன்பாடு. "அப்ப தடியிலை அம்பது அம்பது லீற்றராக் கோடு கீறித் தாங்கோ." கொள்ளளவு தெரியும், உயரம் தெரியாது. கோணம் ஒருமுறை தனியாகவும் ஒருமுறை சைனுக்குள்ளேயும் நிற்கிறது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. சூத்திரம் இல்லை.

தெரிந்தவர்கள் இங்கே எக்செல்லின் கோல் சீக் என்பார்கள். விடை இருக்கவேண்டிய கலம், வரவேண்டிய பெறுமானம், மாற்றவேண்டிய கலம்: மூன்றையும் சொல்லிவிட்டால் அது தானே தேடும். நல்ல கருவி, ஆனால் இரண்டு குணம் தெரிந்திருக்க வேண்டும். இலக்குக்கு 0.001 கிட்ட வந்தால் போதும் என்று நின்றுவிடும், அமைப்பை மாற்றாவிட்டால். கனமீற்றரில் கணக்குப் போட்டால் அந்த 0.001 என்பது ஒரு முழு லீற்றர். அதையே லீற்றரில் போட்டால் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அலகை மாற்றிப் போடுவேன், அல்லது சூத்திரத்தை ஒரு மில்லியனால் பெருக்கிவிடுவேன். மற்றது, அது ஒரு தடவைக்கு ஒரு சமன்பாடுதான் தீர்க்கும். நாற்பத்தைந்து கோட்டுக்கு நாற்பத்தைந்து தரம் பெட்டியைத் திறந்து மூடவேண்டும்.

அதனால் நியூட்டனின் முறையை நிரல்களில் போட்டேன். பரவைக்கடலில் நடக்கிறவன் காலடிச் சரிவைப் பார்த்து ஆழம் எங்கே வரும் என்று மட்டுக்கட்டுவது போன்றது அது. இருக்கும் ஊகத்தில் எவ்வளவு பிழை, அந்த இடத்தில் சரிவு எவ்வளவு, பிழையைச் சரிவால் வகுத்துக் கழி. ஏ நிரலில் 50, 100, 150 என்று லீற்றர்கள். பி நிரலில் முதல் ஊகம். சி நிரலில் திருத்திய ஊகம். அந்த ஒரு சூத்திரத்தை வலது பக்கம் ஏழு நிரலுக்கு இழுத்து, பிறகு கீழே இழுத்தால் நாற்பத்தைந்து சமன்பாடும் ஒன்றாகத் தீரும். கடைசி இரண்டு நிரலும் ஒரே எண்ணாக இருந்தால் விடை வந்துவிட்டது. கால் தாங்கிக்குக் கோணம் 2.3562, 2.3103, 2.3099 என்று மூன்றாம் அடியிலேயே உட்கார்ந்துவிட்டது. உயரம் 35.8 சென்ரிமீற்றர். முதல் 50 லீற்றருக்குக் கோடு 6.7இல் விழுந்தது; பழைய தடிக்கணக்கில் அது 2.7.

பி நிரலில் என்ன போடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஒன்றும் போடாவிட்டால் வெற்றுக் கலம் பூச்சியமாகக் கணக்காகும். பூச்சியக் கோணத்தில் சரிவும் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நிரை முழுக்கப் பிழைச்செய்தி. வேறு எதையாவது போட்டால் சில வரிகள் எங்கேயோ தாவி வேறிடத்தில் போய் நிற்கும். நான் எல்லா வரிக்கும் பையைப் போடுவேன், அதாவது 180 பாகை, அரைத் தாங்கி. அரையிலிருந்து தொடங்கினால் கீழ்ப்பாதிக்கான ஊகங்கள் விடையைத் தாண்டாமல் இறங்கிவரும், மேற்பாதிக்கானவை தாண்டாமல் ஏறிவரும். வளைவு இரண்டு பக்கமும் நமக்குச் சாதகமாக வளைந்திருக்கிறது. இதைக் கணினி சொல்லாது. தாங்கியை மனதில் வைத்து வரைபைக் கீறிப் பார்த்தால் தெரியும்.

கோணத்திலிருந்து சைனைக் கழிக்கும் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு பெரிய இடத்துச் சொந்தம் உண்டு. கோள் தன் நீள்வளையப் பாதையில் இன்ன நேரத்தில் எங்கே நிற்கும் என்று கேட்கும் கெப்ளரின் சமன்பாடு இதேதான். சைனுக்கு முன்னால் மையவகற்சி என்ற ஒரு குணகம் மட்டும் கூட வரும். 1609இல் கோள்களைப் பற்றி எழுதிய அதே மனிதர் 1613இல் லின்ஸ் நகரில் தன் திருமணத்துக்கு வைன் வாங்கியபோது, வியாபாரி பீப்பாவுக்குள் ஒரு தடியைச் சரித்து விட்டு, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னதைக் கண்டு மனம் பொறுக்காமல், 1615இல் பீப்பாக்களின் கொள்ளளவு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நெடுந்தீவில் இந்தக் கதையைச் சொன்னபோது தலைவர், "அவரும் சங்கத்திலை இருந்தவரோ?" என்றார்.

பெடியனின் கையெழுத்தை வெட்டி 442 என்று திருத்தி எழுதினார்கள். தடியை நானும் அவனும் இருந்து கீறினோம். தாங்கி ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். சரிந்த உருளைக்கு இந்தச் சமன்பாடு செல்லாது. கல்லுக் கொடுத்து நிமிர்த்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கும் ஒரு கணக்கு உண்டு, ஆனால் கல்லு மலிவு.

எல்லாச் சமன்பாடும் இவ்வளவு விசுவாசமானவை அல்ல. கிணற்றுக் கணக்கு அப்படி விசுவாசமில்லாதது. தீவுகளில் மழைநீர் உப்புநீருக்கு மேலே ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே நாற்பது அடி இருக்கும் என்பது கைபனும் ஹெர்ஸ்பேர்க்கும் நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்ட விகிதம். நயினாதீவில் மாணவர்களோடு கிணற்று மட்டங்களை எடுத்து இதைப் போட்டபோது தாள் வெகு அழகாக வந்தது. ஆனால் அந்த விகிதம் அசையாத நீருக்கானது. எங்கள் தரை குடைவிழுந்த சுண்ணக்கல். அதில் நீரிறைக்கும் இயந்திரம் வேறு. தாள் நல்ல தண்ணி என்று சொன்ன ஆழத்தில் உவர் வந்தது. விரிதாள் தனக்குக் கொடுத்த சமன்பாட்டைத்தான் தீர்க்கும், அது இந்த நிலத்துக்குப் பொருந்துமா என்று கேட்காது. அந்தப் பயிற்சியை அதன்பிறகு வருடாவருடம் வைத்தேன், பிழைக்கிற உதாரணமாகவே.

இனி வட்டி. இது 2017 அளவில் நடந்தது. ஊர்காவற்றுறைப் பக்கம் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய், நுண்கடன் அட்டையோடு வந்தார். கோழி வளர்க்க எடுத்த 50,000 ரூபாய். வாரம் 1,250 ரூபாய்ப்படி 52 வாரம். மொத்தம் 65,000. "வட்டி முப்பது வீதம் எண்டவை சேர். கணக்குச் சரிதானே?" 15,000ஐ 50,000ஆல் வகுத்தால் 0.3. பெருக்கல் வகுத்தலில் பிழையில்லை. ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறார். ஐம்பதாயிரம் ஒரு வருடம் முழுக்க அவரிடம் இருக்கவில்லை. உண்மையான வட்டி வீதத்தைக் காண, ஒவ்வொரு வாரக் கட்டணத்தையும் இன்றைய பெறுமதிக்குக் கழித்துக் கூட்டி, வாங்கிய கடனுக்குச் சமப்படுத்த வேண்டும். அது ஐம்பத்திரண்டாம் படிச் சமன்பாடு. ஐந்தாம் படிக்கே சூத்திரம் இல்லை என்று ஏபெல் சொல்லிப் போய் இருநூறு வருடம் ஆகிவிட்டது. அந்தத் தாயின் கடன் அட்டையில் ஐம்பத்திரண்டு இருந்தது.

நல்ல வேளையாக இது தேடுகிறவனைப் பெரிதாக அலைக்கழிக்காத சமன்பாடு. உறுப்புகளின் குறி ஒரே ஒருமுறைதான் மாறுகிறது; டெகார்ட்டின் விதிப்படி நேர் மூலம் ஒன்றே ஒன்று. எக்செல்லில் இதற்கென்றே ரேட் என்று ஒரு சார்பு உண்டு. உள்ளே அதுவும் ஊகித்துத் திருத்துவதுதான்; நாம் ஊகம் கொடுக்காவிட்டால் பத்து வீதத்திலிருந்து தொடங்கும். போட்டேன். வாரத்துக்கு 1.04 வீதம், 52ஆல் பெருக்கினால் 54.

அவர் அந்த எண்ணை நம்பவில்லை. நம்பாதது நல்லது என்று பட்டது. முழு அட்டவணையையும் விரித்து, ஒவ்வொரு வாரமும் கட்டுவதில் எவ்வளவு வட்டி, எவ்வளவு முதல், மிச்சம் எவ்வளவு என்று ஐம்பத்திரண்டு நிரையையும் காட்டினேன். கடைசி நிரையில் மிச்சம் பூச்சியம். விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தவர் முதல் நிரையில் திரும்பப் போய் நின்றார்.

"ஆனால் சேர், அம்பதாயிரமும் கையிலை தரேல்லை."

"எவ்வளவு தந்தவை?"

"நாப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. மிச்சம் விண்ணப்பக் காசு, காப்புறுதி எண்டு பிடிச்சவை."

முதற்கலத்தில் 50,000ஐ அழித்து 47,500 என்று போட்டேன். கீழே எல்லாம் ஒருமுறை அசைந்து, 54 இருந்த இடத்தில் 65.4 வந்தது.

அடுத்த வருடம், 2018இல், வடக்கு உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்டமுடியாமற்போன ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதற்கு முன்பே இந்தக் கணக்கு ஊர்காவற்றுறையில் சில வீடுகளுக்குப் போயிருந்தது. இந்தக் கடன் குழுக்கடன். ஒருவருக்கு மற்றவர் பிணை. "என்னோடை கையெழுத்து வைச்ச மற்றப் பெண்டுகளுக்கும் இதே கணக்கோ?" என்று அந்தத் தாய் கேட்டார். ஒவ்வொருவருக்கும் கையில் வந்தது எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். பிள்ளையின் கொப்பித்தாளில் எழுதி அடுத்த கிழமையே கொண்டுவந்தார். ஒருவருக்கு 46,000தான் வந்திருந்தது. அவரின் வீதம் 72.6. ஆளுக்கொரு தாளாக அச்செடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமைக் குழுக்கூட்டத்தில் வசூலுக்கு வந்தவரிடம் முதலில் நீட்டியது அந்தத் தாள்களைத்தானாம்.